குதிரைக்காரர் எரிந்து விழுந்தால்: சந்தையில் நிதானமாகக் குதிரை பார்ப்பது எப்படி

அந்தியூர் புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோவில் ஆடித் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு முதல்முறை போகிறவர்கள், குதிரை உதைக்குமோ என்று பயந்துகொண்டே போவார்கள். உதை விழுவது பெரும்பாலும் குதிரைக்காரரின் வாயிலிருந்துதான். "வாங்கற மூஞ்சியா இது? தள்ளி நில்லு, குதிரைக்குக் காத்து வரட்டும்." "பல்லைப் புடிச்சுப் பாக்கறது அப்பறம், பணத்தைக் காட்டு முதல்ல." இதைக் கேட்டதும் பாதிப் பேர் ரோஷப்பட்டு நல்ல குதிரையை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கூச்சப்பட்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே பணத்தை எண்ணுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்.

ஏச்சு குதிரையின் குறை ஆகாது. தேன் ஒழுகப் பேசி நொண்டிக் குதிரையைக் கட்டிவிடுபவரும் அதே சந்தையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே வாயை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். "சும்மா சும்மா தொல்லை பண்றீங்களே" என்று திட்டிக்கொண்டே காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டுகிறாரா? நில்லுங்கள். "அண்ணா, உங்களுக்கில்லாததா" என்று குழைந்துகொண்டே காலைத் தொடவிடாமல் பேச்சை மாற்றுகிறாரா? கிளம்புங்கள். பல், குளம்பு, கெட்டித் தரையில் ஓட்டம், நீங்கள் கூட்டி வரும் கால்நடை டாக்டர் ஆகிய நான்கில் ஒன்றைக்கூட மறுப்பவரிடம், அவர் எவ்வளவு மரியாதையாக மறுத்தாலும், வியாபாரம் வைத்துக்கொள்ளக் கூடாது.

கோபத்தில் பாதி நியாயமானது

லாரியில் ஏற்றி வந்த குதிரையோடு மூன்று நான்கு நாள் வெட்டவெளியில் கிடக்கிறார் அவர். வருகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். குழந்தையைத் தூக்கி முதுகில் உட்காரவைக்கிறார்கள், மூக்குக்கு நேரே செல்போனை நீட்டுகிறார்கள், பின்னங்கால் பக்கமாகக் குறுக்கே போகிறார்கள். குதிரை மிரண்டு உதைத்தால் பழி குதிரைக்காரருக்குத்தான். "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறவர்களை அவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் முதலில் எண்ணுவார். அந்த எண்ணத்தை உடைப்பது உங்கள் வேலை. அதற்குப் பேச்சைவிட நடத்தை உதவும்.

விடியற்காலை ஆறு மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, வெயில் இருக்காது, அவரும் டீ குடித்துவிட்டு நிதானமாக இருப்பார். முக்கியமான லாபம் வேறு: இரவெல்லாம் கட்டிக் கிடந்த குதிரையை உடம்பு சூடேறும் முன் பார்க்கலாம். பழைய கால்வலி, மூட்டுப் பிடிப்பு எல்லாம் முதல் இருபது அடியில்தான் தெரியும். பத்து நிமிடம் நடத்தி உடம்பை இளக்கிவிட்டால் பல குதிரைகளில் அது மறைந்துபோகும். "எட்டு மணிக்கு வாங்க, ரெடி பண்ணி வெக்கறேன்" என்றால் எதை ரெடி பண்ணப்போகிறார் என்று யோசியுங்கள். போனதும் சேணம் வைக்கும் இடத்திலும் வயிற்று வார் பட்ட இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள்.

இரண்டு அல்லது மூன்று பேராகப் போவது நல்லது. ஒருவர் பேச, ஒருவர் கால்களை மட்டும் பார்க்க, பணம் மூன்றாமவரிடம். பேசுகிறவரிடம் பணம் இருந்தால், அவர் சூடாகும்போது பணமும் சேர்ந்து சூடாகிவிடும். பெண் ஒருவர் குதிரை வாங்கப் போனால், சில வியாபாரிகள் அவர் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. கூட வந்தவர் ஒவ்வொரு முறையும் "வாங்கறது அக்காதானுங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று திருப்பிவிட்டால், மூன்றாவது கேள்விக்குள் ஆள் திரும்பிவிடுவார்.

கிட்டே போகும் விதம்

பத்தடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா? ஒரு முன்னங்காலை மட்டும் முன்னால் நீட்டி வைத்து ஓய்வு கொடுத்தால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது. (பின்னங்காலை மாற்றி மாற்றி மடக்கி நிற்பது இயல்புதான்.) இரண்டு முன்னங்கால்களையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி நின்றால் குளம்பு அழற்சியாக இருக்கலாம். சந்தைக்கு முன் பளபளப்பாகக் காட்ட வேண்டும் என்று தானியத்தை அளவுக்கு மேல் ஏற்றும் இடங்களில் இது வரும். கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிறதா, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் இந்த ஐந்து நிமிடத்தில்தான் பார்க்க முடியும். நீங்கள் கிட்டே போனதும் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துவிடுவார்.

நீங்கள் இப்படிப் பேசாமல் நிற்பதைப் பார்த்தே அவர் தொனி மாறும். பிறகு போய், "ஏனுங்க, பார்க்கலாங்களா?" என்று அனுமதி கேளுங்கள். விலையை முதலில் கேட்காதீர்கள். வயது, எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை நாளாக அவர் கையில் இருக்கிறது, சவாரியா, வண்டியா, நாட்டியமா என்ற வரிசையில் கேளுங்கள். "எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது" என்ற கேள்விக்குத்தான் நிறையப் பேர் எரிந்து விழுவார்கள். பத்து நாள் முன்பு இன்னொரு வியாபாரியிடம் வாங்கியதை "வீட்டுக் குதிரை" என்று விற்கும்போது அந்தக் கேள்வி குத்தும்.

குறையைக் கண்டால் அங்கேயே உரக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இன்னொருவர் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது "கால் சரியில்லைங்க" என்று சொல்வது அவர் பிழைப்பில் கைவைப்பது. எவ்வளவு நல்ல மனிதரும் அங்கே சீறத்தான் செய்வார். மனதில் வைத்துக்கொண்டு, விலை பேசும்போது அவர் காதோடு சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

"பல்லைத் தொடாதே"

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்கும் குதிரை. ஆனால் நீங்களாக வாயைப் பிடிக்காதீர்கள், அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். "நீங்களே காட்டுங்க, உங்க கைக்குத்தான் அடங்கும்" என்றால் முறைத்துக்கொண்டாவது காட்டுவார். நேர் முன்னால் நிற்காமல் இடப்பக்கமாக நின்று பாருங்கள்.

கீழ் வரிசை முன்பற்களே கணக்கு. நடு ஜோடி நிரந்தரப் பல் இரண்டரை வயதில் வரும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் பல்லின் மேற்பரப்பில் உள்ள கருங்குழி தேய்வதை வைத்துச் சொல்வார்கள்: நடு ஜோடியில் ஏறக்குறைய 6 வயதில், அடுத்ததில் 7, ஓரத்தில் 8. மேல்வரிசை ஓரப்பல்லில் ஈறுக்கு அடியிலிருந்து ஒரு கோடு 10 வயது வாக்கில் இறங்கத் தொடங்கி, 15இல் பாதிப் பல்லையும் 20இல் முழுப்பல்லையும் எட்டும். மேய்ச்சலும் தீவனமும் பொறுத்து ஓரிரண்டு வயது முன்பின்னாகும். ஆனால் "ஆறு வயசுதாங்க" என்று சொன்ன குதிரையில் அந்தக் கோடு பாதிவரை இறங்கியிருந்தால் அது முன்பின் அல்ல, பொய். தேய்ந்த பல்லில் சூட்டுக்கோலால் போலிக் குழி போடும் வேலையும் உண்டு. உண்மையான குழியைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம் இருக்கும், போலியில் இருக்காது.

வாய் திறந்திருக்கும்போதே நாக்கையும் உதட்டு ஓரங்களையும் பார்த்துவிடுங்கள். நாட்டியக் குதிரைகளுக்கு முள் கடிவாளம் போட்டுப் பழக்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சட்டப்படி அது தடை. நாக்கில் குறுக்கு வெட்டுத் தழும்பு, உதட்டு ஓரத்தில் தடித்த வெள்ளைத் தோல் இருந்தால், அந்தக் குதிரை உங்கள் சாதாரணக் கடிவாளத்துக்குக் கட்டுப்படுமா என்பது சந்தேகம். முன்பற்களின் வெளி விளிம்பு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கட்டை கவ்வும் பழக்கம்.

இதற்குள் அவர் பேச்சைச் சுழிக்குத் திருப்பியிருப்பார். தேவமணி (கழுத்தில் இருக்கும் நல்ல சுழி) இருக்கிறது, கெட்ட சுழி ஒன்றுகூட இல்லை, பஞ்சகல்யாணி (நான்கு காலிலும் முகத்திலும் வெள்ளை), வீட்டுக்கு வந்தால் ராசி. சுழி பார்ப்பது உங்கள் வழக்கமென்றால் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் சுழி பற்றி அரை மணி நேரம் பேசுகிறவர் குளம்புக்கு இரண்டு நிமிடம் தரமாட்டேன் என்றால் கணக்கு உதைக்கிறது. "சுழி பிரமாதங்க, காலைத் தூக்கிக் காட்டுங்க" என்று அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கால்தான் குதிரை

நான்கு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கவிடாத குதிரைக்கு லாடம் அடிப்பது ஒவ்வொரு ஐந்தாறு வாரமும் ஒரு போராட்டம். குளம்பின் அடியில் அழுகிய நாற்றமும் கருப்புக் கசிவும் இருந்தால் அழுகல். ஆரம்பமானால் சுத்தம் செய்தே சரியாக்கலாம், விலையில் குறைத்துக் கேட்கலாம். குளம்புச் சுவரில் வளையம் வளையமாக, குதிகாலில் அகலமாகவும் முன்பக்கம் நெருக்கமாகவும் இருந்தால் முன்பு குளம்பு அழற்சி வந்து போயிருக்கிறது. அதை வாங்க வேண்டாம். நான்கு குளம்பையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருக்கக் கூடாது.

அடுத்தது ஓட்டம். சந்தை மைதானத்து மண் மெத்தென்று இருக்கும், நொண்டலை விழுங்கிவிடும். "அந்த ரோட்டுல ஒரு நூறடி ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பெரும் ரகளை இங்கேதான். "உனக்கு ஓட்டிக் காட்டறதுக்கா வந்தேன்?" என்பார். குரலை உயர்த்தாமல், "ஓட்டிப் பாக்காம அச்சாரம் குடுக்க மாட்டனுங்க, ரெண்டு நிமிஷந்தான்" என்று ஒரே வாக்கியத்தை மாற்றாமல் திரும்பச் சொல்லுங்கள். விளக்கம் கூட்டினால் அவர் அதில் சண்டைக்கு ஒரு பிடி கண்டுபிடிப்பார். இரண்டாவது முறையும் மறுத்தால், "சரிங்க, வர்றோம்" என்று கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

ஓட்டும்போது கயிறு ஒரு முழமாவது தளர்வாக இருக்க வேண்டும். தாடைக்கு அடியில் இறுக்கிப் பிடித்து ஓட்டினால் தலையாட்டம் மறைந்துபோகும், அதற்காகவே அப்படிப் பிடிப்பார்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் வலியில் அந்தப் பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக எழும்பும். போகும்போது பின்னாலிருந்தும், வரும்போது முன்னாலிருந்தும், ஒருமுறை பக்கவாட்டிலும் பாருங்கள். வெறும் நடையில் தெரியாத நொண்டல் மித ஓட்டத்தில் தெரியும். நாலுகால் பாய்ச்சலில் மறுபடி மறைந்துவிடும். ஆகவே "பாய்ச்சல் பாருங்க, பறக்குது" என்று விரட்டிக் காட்டினால் ரசித்துவிட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். மேளத்துக்கு நின்ற இடத்தில் துள்ளுவதை வைத்துக் காலுக்குச் சான்றிதழ் தர முடியாது.

உயரம் அளக்கும்போதும் சச்சரவு வரும். ராஜஸ்தான் இனமான மார்வாரி குதிரையில் ஒவ்வொரு இன்ச்சுக்கும் விலை ஏறும். பிடரி முடிகிற தோள்மேட்டிலிருந்து தரைக்கு நேர்க்குத்தாக அளக்க வேண்டும். துணி டேப்பை உடம்பின் வளைவோடு ஒட்டிப் பிடித்தால் ஓரிரண்டு இன்ச் கூடும். சமதரையில் நிறுத்தி, தோள்மேட்டில் ஒரு குச்சியைப் படுக்கையாக வைத்து, அதன் நுனியிலிருந்து டேப்பைத் தொங்கவிடுங்கள். உங்கள் டேப்பையே கொண்டு போங்கள்.

குதிரை அளவுக்கு மீறிச் சாதுவாக இருந்தால்

தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, ஆண் குதிரையில் குறி வெளியே தொங்கிக்கொண்டிருந்து, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் காது திரும்பவில்லை என்றால் மயக்க ஊசியைச் சந்தேகியுங்கள். கழுத்துப் பள்ளத்தில் ஓடும் ரத்தக்குழாய் மேல் புது ஊசித்தடம், சின்ன வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குதிரைக்குக் கால்வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு நொண்டலை மறைப்பதும் உண்டு. இதற்குச் செலவில்லாத சோதனை, மறுநாள் காலை சொல்லாமல் வந்து அதே குதிரையை அதே ரோட்டில் ஓட்டச் சொல்வது. நேற்றைய ஆட்டுக்குட்டி இன்று கடிக்க வந்தால் விஷயம் புரிந்துவிடும். "நேத்துதான் பாத்தியே" என்று அவர் சீறுவதை இந்த ஒரு காரியத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் நீங்கள் கூட்டி வருபவராக இருக்க வேண்டும். குதிரைக்காரர் கைகாட்டும் "நம்ம டாக்டர்" வேண்டாம். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். கண், இதயம், நுரையீரலை டாக்டர் பார்ப்பார். கிளாண்டர்ஸ் சோதனைச் சான்றைக் கட்டாயம் கேளுங்கள். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளுமாக வரும் இந்த நோய் மனிதனுக்கும் தொற்றும். நோய் உறுதியான குதிரையைக் கொல்வதே சட்டம் சொல்லும் வழி. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான சோதனை செய்யும் இடம். "அதெல்லாம் வடக்க இருக்கற நோய், இங்க ஏது?" என்று சிரிப்பவரின் குதிரையே வடக்கிலிருந்து லாரி ஏறி வந்ததாக இருக்கும்.

துண்டுக்குள் கை

விலை பேச்சு பல இடங்களில் இன்னமும் துண்டுக்கு அடியில்தான். தரகர் உங்கள் கையைப் பிடித்து, துண்டைப் போர்த்தி, விரல்களை அழுத்திக் காட்டுவார். கையைக் கொடுக்கும் முன், "ஒரு விரல் ஆயிரமா, பத்தாயிரமா?" என்று வாயால் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தரகர் கையை விடாமல் இறுக்கிப் பிடித்து "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று கத்துவது ஒரு உத்தி; சுற்றி நிற்பவர்களும் அவர் ஆட்களே. இன்னொரு கையால் துண்டை விலக்கிவிட்டு, "முடியலீங்க, இன்னும் டாக்டர் பாக்கணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்த இடத்தில் மட்டும் குரல் உயரலாம். அச்சாரம் கைமாறிய பிறகுதான் பின்வாங்குவது தகராறு ஆகும். அதனால் சோதனை முடியும்வரை நூறு ரூபாய் நோட்டைக்கூட "ஒரு நம்பிக்கைக்கு" என்று கொடுக்காதீர்கள்.

"இந்த விலைக்குக் கழுதைதான் கிடைக்கும்" என்று நீங்கள் கேட்ட விலையைக் கேலி செய்தால் அது இன்னும் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் முடிந்தது. ஊர், சாதி, உங்கள் அப்பா என்று வார்த்தை போனால், அல்லது நாலு பேர் சூழ்ந்துகொண்டால், நியாயம் பேச நிற்காமல் கூட வந்தவர்களோடு கோவில் பக்கம், போலீஸ் நிற்கும் பக்கம் நடந்துவிடுங்கள். அவர் முகத்துக்கு நேரே வீடியோ எடுக்கத் தொடங்குவது எரிகிற தீயில் எண்ணெய்.

போனில் விற்பவர்களின் கதை வேறு. இடத்தைச் சொல்லாமல், "டோக்கன் போட்டாத்தான் லொக்கேஷன் அனுப்புவேன், சும்மா டைம் பாஸ் பண்ணாதீங்க" என்று அதட்டினால் பதில் எழுதவே வேண்டாம். அநேகமாக அங்கே குதிரையே இருக்காது.

சந்தையில் ரசீது எழுதும்போது குதிரைக்காரர் மறுபடி முறைப்பார். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் கீழ், பார்த்து வாங்கியவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்குப் பிற்பாடு விற்றவரைப் பிடிப்பது கடினம். எனவே அவர் வாயால் சொன்னதெல்லாம் தாளில் ஏற வேண்டும்: வயது, உயரம், நிறம், வெள்ளைக் குறிகள், எந்த வேலைக்காக வாங்குகிறீர்கள், கண் பார்வையில் குறையில்லை, நொண்டலில்லை, கடிக்கும் உதைக்கும் பழக்கமில்லை. "என் வார்த்தைல நம்பிக்கை இல்லையா?" என்பார். "இருக்குதுங்க, எங்க வீட்டுல கேப்பாங்க" என்று பழியை வீட்டின் மேல் போட்டுவிட்டால் எழுதிக் கொடுப்பார். "கண்ணு, காலெல்லாம் எழுத மாட்டேன், குதிரை ஒண்ணுன்னு மட்டும் எழுதறேன்" என்றால் கண்ணையும் காலையும் இன்னொருமுறை பாருங்கள். ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்தில் ஒருவர் ரொக்கமாகப் பெற்றுக்கொள்வதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. "ரொக்கம் மட்டும்" என்று அடம்பிடித்தால் மாட்டப்போவது அவர்தான் என்பதை மெதுவாகச் சொல்லலாம்.

வண்டியில் ஏற்ற, பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். அதை வாங்கப் போகும் இடைவெளியில் குதிரையைக் கட்டுத்தறியில் தனியாக விடாமல் ஒருவர் கூட நிற்கட்டும். விலை பேசும் முன் நெற்றிச் சுழி, முகத்து வெள்ளை, நான்கு கால் குறிகளையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால், ஏற்றும்போது ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நாலு வெள்ளைக் குதிரை நிற்கும் கூடாரத்தில், அந்திக் கருக்கலில், "இதுதாங்க உங்க குதிரை, சீக்கிரம் ஏத்துங்க, லாரிக்காரன் கத்தறான்" என்று அவசரப்படுத்தும்போது டார்ச் அடித்துப் பல்லை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.